பேர் பறித்த வரலாறு

மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதிகளில் காண முடியாத ஒரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கூலியே அங்கு 'ஒரு பேர்'. குறித்த எடைக்குக் கொழுந்து கொய்யாதவளுக்கு 'அரைப்பேர்'தான். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால், செக்ரோலில் எத்தனை நாட்கூலி பதிவாயிற்று என்பதே கேள்வி. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு ஏட்டில் குறித்துக்கொண்ட வழக்கத்தினின்று இப்பொருள் பிறந்திருக்க வேண்டும். எவ்வாறாயினும், மனிதனின் பெயரும் அவனுடைய கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட ஒரு வழக்கில், பெயரைத் திருடுவது என்றால் என்னவென்று விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. 'அடையாளத் திருட்டு' என்றொரு தொடர் இன்று பத்திரிகைகளில் அடிபடுகின்றது. கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியை நம்பி வங்கிச் சேமிப்பை இழந்தோர், அடையாள அட்டையின் படத்தை முன்பின் அறியாத ஒருவனுக்கு அனுப்பிவிட்டுத் தம் பெயரில் அவன் கடன் வாங்கக் கண்டோர், வெளிநாட்டு வேலை என்ற சொல்லுக்கு மயங்கி நகையை அடகு வைத்தோர் என இவர்களைப் பற்றிய செய்திக்குப் பஞ்சமே இல்லை. இதனை எழுதுவோரில் ஒரு சாரார் தொழில்நுட்பத்தைப் பழிப்பர்; மற்றொரு சாரார் ஏமாந்தவனின் அறியாமையைப் பழிப்பர். இரு சாராரும் வரலாற்றின் பக்கம் திரும்புவதில்லை. மாத்தளை மாவட்டத்தின் கடந்த இருநூறு ஆண்டுக் கதையைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு, ஏழையின் பெயரைப் பிறன் எழுதி, பிறன் வைத்துக்கொண்டு, பிறன் விற்றுப் பிழைத்த தொழில் இங்கே எத்துணைப் பழமையானது என்பது புலனாகும்.

மாத்தளை நகரிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில், கண்டியிலிருந்து தம்புள்ளை செல்லும் பெருவீதியின் ஓரத்தில் அலுவிகாரை இருக்கின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை நாவால் மட்டுமே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இவ்விடத்தில் என்பது மரபு. பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் மடிந்தால் நூலும் மடிந்துவிடும் என்று அஞ்சிய துறவிகள் எழுத்தைக் காவலாகக் கொண்டனர். ஆக, எழுத்து மனிதனைக் காத்த கதையும் இம்மண்ணுக்கு உரியதே. ஆயின் அதே எழுத்து மனிதனைக் கட்டிய கதையைத்தான் பிற்கால மாத்தளை கண்டது.

1840-ல் ஆங்கில அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் யாவும் முடிக்குரியவை. தமக்கே உரியவை என்போர் அதனை நிரூபிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கண்டிப் பிரதேசத்துச் சேனை நிலங்களுக்கு அரச சாசனம் கேட்கப்பட்டது. பாட்டன் பூட்டன் காலந்தொட்டுச் சேனை வெட்டி வாழ்ந்த சிங்கள விவசாயியின் கையில் எந்தக் காகிதம் இருந்தது? ஊராருக்குத் தெரிந்தது சட்டத்துக்குத் தெரியாமற் போயிற்று. காகிதம் இல்லாதவன் நிலமும் இல்லாதவன் ஆனான். அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. பின்னர் 1848-ல், தேசாதிபதி டொறிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்கு வரி என்று அடுக்கிய போது மாத்தளை கொதித்தெழுந்தது. ஜூலை 26-ம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரண்டு நாள் கழித்துப் புரட்சியாளர் மாத்தளைக்குள் புகுந்தனர். அவர்கள் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகளை அழித்தனர்.

இந்தக் கடைசி விவரத்தின் மேல் சற்று நிற்க வேண்டும். எழுத்தறியாத விவசாயிகள் எனப்பட்டோர் பணப்பெட்டியோடு நில்லாமல் ஏடுகளின் மேலும் கை வைத்தார்கள். தம்மைக் கட்டிப்போட்ட கயிறு எங்கே சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8-ம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலகொட பண்டா கசையடிபட்டு மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். பண்டா பழைய அரச குலத்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதை வைத்து அவனைப் போலி அரசன் என்று எழுதிய ஆங்கிலேயர் பலர். ஒரு நாடு முழுவதற்கும் தாமே உரியவர் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு இப்படி எழுதக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

நிற்க. கோப்பித் தோட்டத்தில் வேலை செய்ய அந்தச் சிங்கள விவசாயி வரவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் முதலிய இடங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டு வழியைக் கால்நடையாகக் கடந்து, தம்புள்ளை, நாலந்தை வழியாக அவர்கள் வந்து சேர்ந்த இடம் மாத்தளை. வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். அவர்களின் பெயரை எந்த ஏடும் முழுமையாகக் குறித்துக்கொள்ளவில்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது 1880-ல். அதற்குள் கோப்பியை இலைநோய் தின்றுவிட்டிருந்தது. தேயிலையும் கொக்கோவும் பிறகு இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. பயிர் மாறியும் ஏடு மாறவில்லை.

அந்த ஏட்டின் கதைதான் நமக்கு வேண்டியது. ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. துரை அவனிடம் முன்பணம் கொடுப்பார். ஊரில் அடைபட வேண்டிய கடன், வழிச்செலவு, தோணிக்கூலி, கம்பளி, அரிசி யாவும் அதிலிருந்து செலவானதாகக் கணக்கு. அக்கணக்கு தொழிலாளியின் பெயரில் எழுதப்படும். எழுதியவன் கங்காணி; வாசிக்கத் தெரிந்தவனும் அவனே. தொழிலாளி தோட்டத்தில் கால் வைக்கும் போதே கடனாளி. அவன் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கூலியும் நெடுங்காலம் கங்காணியின் கை வழியாகவே வந்தது. வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்பதைக் கடவுளும் கங்காணியுமே அறிவர்.

இங்கே ஒன்றை வலியுறுத்துவது அவசியம். கங்காணி அந்நியன் அல்லன். தொழிலாளியின் ஊரவன், பெரும்பாலும் அவன் சாதிக்காரன் அல்லது ஊர்க் கட்டமைப்பில் அவனுக்கு ஒருபடி மேலானவன், சில வேளை உறவினனுங்கூட. அவன் தொழிலாளியின் தாய்மொழியில் பேசினான். தாய், தகப்பனை விசாரித்தான். கலியாணத்துக்கும் சாவுக்கும் முன்னின்றான். துரை ஆங்கிலத்தில் அதட்டினார். கங்காணி தமிழில் ஆறுதல் சொன்னான். எவன் நம் மொழியில் பேசுகின்றானோ அவனை நம்புவது மனித இயல்பு. அந்நியச் சுரண்டல் இந்த நம்பிக்கையைத்தான் மூலதனமாகப் போட்டு இலாபம் எடுத்தது.

இனித் 'துண்டு' என்ற விசித்திரத்துக்கு வருவோம். தமிழில் துண்டுக் காகிதம் என்று சாதாரணமாகச் சொல்வோமே, அச்சொல்லே ஆங்கிலத் தோட்டக் கணக்குகளிலும் சட்ட நூல்களிலும் அப்படியே ஏறிற்று. ஒரு கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டம் போக வேண்டுமானால், 'இவ்வளவு ரூபாய் கடனைச் செலுத்தினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கச் சம்மதம்' என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு மற்றத் தோட்டத் துரையிடம் செல்வான். ஆள் பஞ்சம் நிலவிய காலத்தில் புதிய துரை கடனைவிடக் கூடுதலான தொகையே கொடுப்பார். மிஞ்சியது கங்காணியின் மடியில். முழுத் தொகையும் தொழிலாளிகளின் தலையில். தன் பேரில் கடன் ஏறியதும், தான் கைமாறியதும், எந்த விலைக்கு என்பதும் லயத்தில் உறங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தெரியாது. மறுநாட் காலை வேறு மலையில் நின்று கொழுந்து கொய்வான்.

இன்று ஒருவன் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி உங்கள் பெயரில் கடன் வாங்கிவிட்டால் அதற்கு அடையாளத் திருட்டு என்று பெயர். நூறு ஆண்டுக்கு முன் அதற்குத் துண்டு என்று பெயர். வித்தியாசம் யாதெனில், அன்று அதனைச் சட்டமே காத்து நின்றது. 1865-ம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டப்படி முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டு ஓடியவன் குற்றவாளி; அவனுக்குச் சிறை காத்திருந்தது. பெயரைப் பறிகொடுத்தவன் சிறைக்கும், பறித்தவன் அடுத்த தோட்டத்துக்கும் போனார்கள்.

1901-ல் இன்னொரு பொருள் வந்து சேர்ந்தது: தகர டிக்கற்று. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், ஆளின் எண்ணும் பொறித்த ஒரு தகர வில்லை. இதனைக் கழுத்திற் கட்டிக்கொண்டு வருபவனை இடையில் எவரும் தடுக்க வேண்டியதில்லை. பெயர் கேட்க வேண்டியதில்லை. பேச்சுக் கேட்க வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும், மூட்டை போய்ச் சேர வேண்டிய இடம் தெரிந்துவிடும். பயணச் செலவை அரசாங்கம் தோட்டத்தின் கணக்கில் எழுதும். தோட்டம் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி யாருடைய கணக்கில் எழுதினான் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் மாத்தளையை விட்டுச் சற்று வெளியே போக வேண்டியிருக்கின்றது. தகரத்தை இன்னொருவன் கழற்றிக் கட்டிக்கொள்ளலாம். கழற்ற முடியாத அடையாளம் ஒன்று வேண்டும் என்ற தேவை ஆள்வோருக்கு எங்கும் இருந்தது. 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, வீதிக்குச் சரளை வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னாளில் ஹூக்ளியில், இறந்துபோன ஓய்வூதியக்காரர்களின் பெயரில் வேறு ஆட்கள் வந்து பணம் பெறுவதைத் தடுக்கவும் விரல் ரேகையைப் பயன்படுத்தினார். 1897-ல் கல்கத்தாவில் ரேகைப் பணிமனை ஏற்பட்டது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வகுப்பதில் அஸிஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு இந்தியரின் உழைப்பு பெரிது. புகழ் நெடுங்காலம் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கே போயிற்று. இன்று கைத்தொலைபேசியைத் திறக்க விரலை வைக்கின்றோமே, அந்த ரேகையின் கதை காலனியில், ஒப்பந்தக்காரனைக் கட்டிப்போடத் தொடங்கிய கதை. ஆயினும் அதே ரேகை ஓய்வூதியக்காரனின் காசை ஆள்மாறாட்டக்காரனிடமிருந்து காத்தது என்பதையும் மறைக்கலாகாது. அடையாளம் என்பது இருமுனைக் கத்தி. பிடி யார் கையில் என்பதே கேள்வி.

துண்டு எப்படி ஒழிந்தது? தொழிலாளி விழிப்படைந்து, 'இனி நான் ஏமாற மாட்டேன்' என்று தனித்தனியே தீர்மானித்ததாலா? அப்படி எதுவும் நடக்கவில்லை. 1908-ல் அமர்ந்த தொழிலாளர் ஆணைக்குழுவின் முன் கடன் பற்றிய சாட்சியங்கள் வந்தன. 1919-ல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைத்தார். பெரி சுந்தரம் உடன் நின்றார். இந்தியாவில் கூலி ஏற்றுமதிக்கு எதிராக எழுந்த தேசியக் குரல் தோட்டத் துரைமாரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆள் வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் மனச்சாட்சியைவிட வேகமாக வேலை செய்தது. 1921-ம் ஆண்டின் 43-ம் இலக்கச் சட்டம் துண்டைச் சட்டவிரோதமாக்கிற்று. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது. ஒரு மோசடி வியாபாரம் முழுவதும் சட்டத்தின் ஒரு வீச்சில் சாய்ந்தது என்று சொல்ல வரவில்லை. கங்காணியின் பிடி பிறகும் நெடுங்காலம் நீடித்தது. ஆனால் அடிப்படை அசைந்தது.

அதே காலத்தில் நிகழ்ந்த வேறொன்றும் உண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாதிருந்த நாளில், புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டு வந்தார் என்பது மலையக வரலாற்றில் பலர் எழுதியுள்ள செய்தி. ஆள்மாறாட்டம் ஏழைக்கு ஊழியம் செய்த அபூர்வமான சந்தர்ப்பம்! அவர் பின்னர் சட்டசபைக்குப் போனார், 1931-ல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார், பத்திரிகை நடத்தினார், தொழிலாளிக்குரிய சட்டத்தைத் தொழிலாளியின் மொழியில் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாக்கிப் பாடினார். கணக்கு வாசிக்கத் தெரிந்தவன் கங்காணி ஒருவனே என்ற நிலையை உடைப்பதுதான் இவர்கள் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. சங்கம் பெற்றுத் தந்த உயர்வுகளைக் கணக்கிடுவோர் இதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

துண்டு போயிற்று, காகிதம் போகவில்லை. 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையக மக்கள் நாடற்றவர்களாக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாசலைத் திறப்பது போலத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 8,25,000 பேருக்காகச் சென்றன. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. பிள்ளையின் பெயரைக் கணக்கப்பிள்ளை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோரிடத்தில் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால், இருவரும் ஒருவரே என்பதை நிரூபிக்க வேண்டியது பிள்ளையின் கடமை. 1840-ல் சிங்கள விவசாயியிடம் சாசனம் கேட்ட அதே குரல், ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழ்த் தொழிலாளியிடம் அத்தாட்சி கேட்டது. 1964-ல் இரு பிரதமர்கள் உடன்படிக்கை செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டனர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால்தான் நாடற்றோர் என்ற பெயர் ஏறத்தாழ நீங்கிற்று. இதனால் மலையகத்து முதியோரிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிற்று: யாராவது வந்து காகிதம் கேட்டால் எடுத்து நீட்டுவது. கேட்டவன் யார், எதற்குக் கேட்கின்றான் என்று திருப்பிக் கேட்டால் இருப்பதும் பறிபோகுமோ என்ற அச்சம் மூன்று தலைமுறையாக வளர்ந்த அச்சம். இன்றைய மோசக்காரன் தட்டுவது இக்கதவைத்தான். 'உங்கள் அட்டை முடக்கப்படும்', 'உங்கள் கணக்கு மூடப்படும்', 'இன்றே விவரம் அனுப்பாவிட்டால் உதவிப்பணம் நின்றுவிடும்' - வரலாறு அறிந்தவன் எழுதியது போலவே இருக்கின்றன இவ்வாசகங்கள்.

அவன் பேசும் மொழியையும் கவனியுங்கள். வங்கியின் உண்மையான அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அரசாங்கக் கடிதம் பலவேளை சிங்களத்தில் மட்டும் வருகின்றது. மோசக்காரனின் அழைப்போ நல்ல தமிழில் வருகின்றது! 'அம்மா' என்று விளிக்கின்றான், பிள்ளைகளை விசாரிக்கின்றான், பொறுமையாக விளக்குகின்றான். இரத்தோட்டைப் பக்கத்திலோ எல்கடுவைப் பக்கத்திலோ லயத்தில் தனியே இருக்கும் ஒரு தாய்க்கு, மகன் கொழும்பில், மகள் மத்திய கிழக்கில் என்றிருக்க, இவ்வளவு மரியாதையாகப் பேசும் உத்தியோகத்தரை வாழ்நாளில் கண்டதில்லை. உத்தியோக வட்டாரங்கள் காலி செய்து வைத்த இடத்தில் திருடன் குடியேறினான் என்றால் குற்றம் அந்தத் தாயின் அறியாமையில் மட்டுமா?

அவன் கேட்பது எது என்பதிலும் பழைய கதையின் சாயல் இருக்கின்றது. அவன் பணம் கேட்பதில்லை. தொலைபேசிக்கு வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணை மட்டும் வாசிக்கச் சொல்வான். ஒருமுறைக்கு மட்டும் செல்லும் கடவுச்சொல், ஓ.டி.பி. என்பது அது. அது வெறும் எண்ணன்று. உங்கள் பெருவிரல் ரேகை. அதனை வாசித்துக் காட்டுவது வெற்றுக் காகிதத்தில் ரேகை வைப்பதற்குச் சமம். மேலே என்ன எழுதுவது என்பது அவன் விருப்பம். எந்த வங்கியின் உத்தியோகத்தரும் தொழிலின் நிமித்தம் இவ்வெண்ணைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆகையால் கேட்பவன் எவனாயினும், எந்தப் பெயர் சொன்னாலும், அவன் வங்கியைச் சேர்ந்தவன் அல்லன் என்று அக்கணமே முடிவு கட்டலாம். தொடர்பைத் துண்டித்துவிட்டு, வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே பேசுவது வழி. அவன் தந்த எண்ணுக்குப் பேசினால் அவனே மறுபடி வருவான். வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவனும் இப்படி ஓர் எண்ணைத்தான் கேட்கின்றான். பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஒருவரின் பெயரில் வந்து கேட்கின்றான், ஏனெனில் அவர் கணக்கை நேற்றே பறித்திருப்பான். பணம் போய்விட்டால் முதலில் வங்கிக்குச் சொல்ல வேண்டும்; அந்த முதல் மணி நேரமே பொன்னானது. பொலிசும் கணினிக் குற்றச் சட்டமும் பிறகு. 2007 முதல் அச்சட்டம் இந்நாட்டில் இருக்கின்றது. வெட்கத்தால் மூன்று நாள் வாய் திறவாதிருப்போரே பெரும்பாலும் முழுவதையும் இழக்கின்றார்கள். ஏமாந்ததற்கு வெட்கப்படுவது ஒரு வர்க்கத்துக்கு மட்டும் கற்பிக்கப்பட்ட பாடமோ என்று சில வேளை ஐயுறுகின்றேன். பெரிய நிதி நிறுவனங்கள் மூழ்கும் போது அவற்றின் இயக்குநர்கள் வெட்கத்தால் ஒளிந்துகொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

இனித் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவன் யார்? 2024-ல் மியன்மாரின் மியாவாடி என்னும் எல்லைப் பகுதியிலுள்ள மோசடி முகாம்களில் சிக்கியிருந்த இலங்கை இளைஞர் பற்றிய செய்திகள் வெளிவந்தன. சிலர் மீட்கப்பட்டும் வந்தனர். 2022-ன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வேலை தேடிப் புறப்பட்டவர்கள். கணினி வேலை, நல்ல சம்பளம் என்று தரகன் சொன்னான். தாய்லாந்து வழியாகக் கொண்டுபோய் எல்லை தாண்டினார்கள். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. நாள் முழுதும் கணினி முன் இருந்து, பொய்ப் பெயரும் பொய்ப் படமும் பூண்டு, உலகெங்கும் உள்ளோரை ஏமாற்ற வேண்டும். குறித்த அளவு பிடிக்காவிட்டால் அடி. விடுதலை வேண்டுமானால் தொகை கட்ட வேண்டும். ஆள் கட்டும் தரகன், தலையில் ஏறும் கடன், பறிக்கப்பட்ட காகிதம், அளவு குறைந்தால் தண்டனை, விலை கொடுத்தால் விடுதலை - இந்த முறைக்கு மாத்தளையில் நாம் வைத்திருந்த பெயர் என்ன? 1921-ல் ஒழிந்த துண்டு, நூறு ஆண்டு கழித்து மோய் ஆற்றுக்கு அப்பால் மறுபடி எழுதப்படுகின்றது. மாத்தளைக்கு வெகு அருகிலும் இத்தொழிலின் நிழல் விழுந்தது. 2024 அக்டோபரில் கண்டியை அடுத்த குண்டசாலையில் இணையவழி மோசடி தொடர்பாக நூற்றுக்கு மேற்பட்ட சீன நாட்டவர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் முதலாளி எத்தனை, அடிமை எத்தனை என்று கைதின் எண்ணிக்கை சொல்லாது. ஏமாறுகின்ற தாய்க்கும், வேறெங்கோ அடிக்குப் பயந்து ஏமாற்றுகின்ற பையனுக்கும் நடுவே இருந்து கணக்கு எழுதுபவனே பெரிய கங்காணி. அவன் பேர் எந்தச் செக்ரோலிலும் இல்லை.

எனவே 'எச்சரிக்கையாக இருங்கள்' என்று தொழிலாளிக்கு மட்டும் உபதேசித்துவிட்டு ஓய்வது, கங்காணியின் ஏட்டைத் தொடாமல் கூலியைச் சிக்கனமாகச் செலவிடு என்று சொன்னதற்கு ஒப்பானது. 2022-ல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. யார் நம் விவரங்களைச் சேர்க்கலாம், எதற்காக, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பவற்றைக் கட்டுப்படுத்த வந்த சட்டம். அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிக்கொண்டே போயிற்று. கடைக்காரன், நுண்கடன் முகவன், தொலைபேசி அட்டை விற்பவன் என்று ஆளாளுக்கு நம் அடையாள அட்டையைப் படியெடுத்து வைத்துக்கொள்கின்றார்கள். அப்படி ஒரு படியைக் கொடுக்கத்தான் வேண்டியிருந்தால், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்பதை அப்படியின் குறுக்கே மையால் எழுதிக் கொடுப்பது நலம். வேறு காரியத்துக்கு அதனைப் பயன்படுத்துவது கடினமாகும். நம் பெயரில் எத்தனை தொலைபேசி இணைப்புகள் பதிவாகியுள்ளன என்று கம்பனியிடம் கேட்டறியவும் நமக்கு உரிமை உண்டு.

அந்த அட்டையைப் பற்றியே ஒன்று சொல்லி முடிக்கின்றேன். ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்கக் கூடியது. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது; பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 65632 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 632-இல் 500-ஐக் கழிக்க 132. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ணிக்கொண்டு போனால், அவர் 1965 மே 11-ல் பிறந்த ஒரு பெண். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணிலும் ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்ததேயன்றி இம்முறை மாறவில்லை. பாட்டியின் அட்டையை வீட்டில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வரும் மாணவன், அட்டையைப் படியெடுத்த கடைக்காரனுக்கும் இக்கணக்குத் தெரியுமா என்று மறுநாள் கேட்பான்.